தடித்த குடல் எல்லாம் கத்திக்கு அல்ல

ஆசிரியருக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால், ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருந்தால் அறுவை சிகிச்சைதான் என்று ஒரே வரியில் முடித்திருப்பதை, பல்லாண்டு ஸ்கேன் அறிக்கை எழுதியவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

குடலில் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றும் வரும். பெருங்குடல் புற்றுகளில் அது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அரிது என்பதாலேயே அறிக்கை எழுதுபவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிற்றில்தான் அதிகம் தென்படும். நிணத்திசு அங்கே மிகுதி.

வழக்கமான பெருங்குடல் புற்று, குடலின் ஒரு சிறு பகுதியைச் சுற்றி வளைத்து இறுக்கும். கடித்துத் தின்ற ஆப்பிளின் நடுத்தண்டு போலத் தெரியும் என்று மாணவர்களுக்குச் சொல்வோம். லிம்போமாவில் சுவர் வெகுவாகத் தடித்து, நீளமாகப் பரவியிருக்கும். அப்படியிருந்தும் உள்வழி பெரும்பாலும் அடைபடாது. சில நேரம் இயல்பைவிட விரிந்தே கிடக்கும். நார்த்திசுவை வளர்த்துச் சுருக்குவது இந்த நோயின் குணம் அல்ல. குடல் தசைக்குள்ளும் அங்குள்ள நரம்பு வலைக்குள்ளும் புகுந்து அழிப்பதால் சுவர் தளர்ந்துபோகிறது. சாய மருந்து செலுத்தி எடுத்த சி.டி. படத்தில் அந்தச் சுவர் சீராக, மிதமாகவே ஒளிரும். சுற்றியுள்ள கொழுப்பு பெரும்பாலும் கலையாமல் இருக்கும். பக்கத்தில் பெரிய பெரிய நெறிக்கட்டிகள். இத்தனையும் ஒன்றாகத் தெரியும்போது 'லிம்போமாவா என்று பார்க்கவும்' என்று ஒரு வரி எழுத என்ன தயக்கம்?

நம் நாட்டில் குடல் காசநோய் வேறு குறுக்கே வரும். அதே இடம், அதே காய்ச்சல், அதே மெலிவு. காசநோயில் பெருங்குடலின் தொடக்கப் பகுதி சுருங்கி மேலே இழுபட்டிருக்கும். நெறிக்கட்டிகளின் நடுப்பகுதி அழுகி விளிம்பு மட்டும் ஒளிரும். எல்லா நோயாளியிடமும் இது இப்படித் தெளிவாக இராது. ஆகவே படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும், திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் தீர்க்கும். 'எதற்கும் காசநோய் மாத்திரை போட்டுப் பார்ப்போம்' என்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். கிரோன் நோய் எனப்படும் நாள்பட்ட குடல் அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் இன்னும் மோசம்: லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, பிறகு எடுக்கும் பயாப்சியும் குழப்பிவிடும்.

பயாப்சியிலும் ஒரு பொறி உண்டு. நோய் உள்தோலுக்குக் கீழே இருக்கலாம்; மேலாகக் கிள்ளிய துணுக்கில் ஒன்றும் அகப்படாது. ஸ்கேன் ஒன்று சொல்லி, பயாப்சி வேறொன்று சொன்னால் ஆழமாக மறுபடி எடுக்கத்தான் வேண்டும். இவ்வளவு வலியுறுத்தக் காரணம், சிகிச்சையே மாறிவிடுகிறது. பெருங்குடலில் அதிகம் காணப்படும், பி-செல் என்ற வகை வெள்ளணுக்களில் தோன்றும் லிம்போமாவுக்கு, அந்த அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து சேர்ந்த மருந்துச் சிகிச்சையே முதன்மை. குடலில் ஓட்டை, அடைப்பு, நிற்காத இரத்தப்போக்கு என்று வந்தால் கத்தி தேவைப்படும்.

வாசகர்களுக்கு ஒன்று: ஸ்கேன் மையத்தில் அறிக்கையும் பிலிமும் மட்டும் வாங்கி வராதீர்கள். பிலிமில் இருப்பவை பொறுக்கியெடுத்த சில படங்களே. முழுப் படங்களும் அடங்கிய குறுவட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது மருத்துவருக்கு அதுதான் உதவும்.

ஓய்வுபெற்ற கதிரியக்க மருத்துவர்,
தஞ்சாவூர்