‘ஆர்வமற்ற சாட்சி’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கொலை வழக்குச் செய்தி ஒன்றில், ‘இவர் ஆர்வமற்ற சாட்சி என்பதால் இவருடைய சாட்சியத்தை நம்பலாம்’ என்று நீதிமன்றம் கூறியதாக அச்சாகியிருந்தது. ஆர்வமே இல்லாமல் சாட்சி சொல்ல வந்தவரை எப்படி நம்புவது என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டேவிட்டார். தீர்ப்பில் ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்று இருந்திருக்க வேண்டும்; வழக்கு எப்படி முடிந்தாலும் தமக்கு லாபமோ நட்டமோ இல்லாதவர் என்பது அதன் பொருள். கூண்டில் நின்று கொட்டாவி விடுகிறவருக்கு ‘அன்இன்டரஸ்டட்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. இன்டரஸ்ட் என்பதற்கு ஆர்வம், நலன், வட்டி என்று பல பொருள் உண்டு. ‘வட்டியில்லாச் சாட்சி’ என்று அச்சாகாமல் போனதே பெரிது. 17ஆம் நூற்றாண்டில் இவ்விரு சொற்களும் இடம் மாறி வழங்கியதுண்டு, இன்றும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் குழப்பிக்கொள்வதுண்டு என்றாலும், தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியாது.

ஆங்கிலச் சொல்லின் முன்னே வரும் டிஸ், அன், இன் போன்ற ஒட்டு எதுவானாலும் ‘இல்லாத’ என்று போட்டுவிடும் பழக்கமே இதற்குக் காரணம். மூன்று இட்லி தின்றும் அடங்காத பசி ‘அன்சாட்டிஸ்ஃபைட்’; இட்லி புளிக்கிறதென்று முகம் சுளிப்பவர் ‘டிஸ்சாட்டிஸ்ஃபைட்’. புளியரைச் சோதனைச் சாவடியில் நிற்கும் டேங்கர் லாரியின் முதுகில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைத் தீப்பிடிக்காதது என்று படித்தாலோ விபரீதம். அங்குள்ள ‘இன்’ மறுப்பே அன்று, தீப்பற்றும் என்பதுதான் பொருள்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மலை தாண்டி, மலையாளம் பேசும் கேரளத்து ஆரியங்காவுக் கடையில் கையிலிருக்கும் குவளையைக் காட்டி இது காப்பியா என்றால் ‘அல்ல’ என்பார்கள். காப்பி இருக்கிறதா என்றால் ‘இல்ல’ என்பார்கள். இப்புறம் நாமோ எழுத்தில் அன்று, அல்ல என்பவற்றை வைத்துக்கொண்டு, பேச்சில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மறுக்கப்படுவது இருப்பா, தன்மையா என்று கேட்கும் அந்தக் காது மொழிபெயர்ப்பவருக்கும் வேண்டும்.

‘ஆர்வமற்ற’ என்பதை விடுத்து ‘வழக்கில் தன்னலம் இல்லாத சாட்சி’ என்று அச்சிடவும், அச்செய்திக்குத் திருத்தம் வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.