ஒரே மலையில் இருக்கச் சொல்

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி.

உன் அண்ணன் மகள் காட்டுயிர் படிக்க ஒரு பருவம் வெளிநாடு போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகட்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு தேசியப் பூங்கா என்று ஓடுகிற திட்டம் வேண்டாம், ஒரே இடத்தில் உட்கார வைக்கிற திட்டமாகப் பார்க்கச் சொல்.

நான் இருக்கும் மான்டெவெர்டே கோஸ்டா ரிக்காவின் மேகக்காடு. கரீபியன் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையேறி, மேகமாகி மரங்களுக்குள்ளேயே நுழைகிறது, மழை பெய்யாத நாளிலும் இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் குவெட்சால் பறவையைத்தான் தேடினேன். அந்தப் பச்சையையும் நீள வாலையும் பார்த்தவுடன் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், பலர் அப்படித்தான் கிளம்புகிறார்கள். கூடவே இருந்தால்தான் அது எதைத் தின்கிறது, விதையை எங்கே போடுகிறது என்பதெல்லாம் தெரியவரும்.

இங்கே மணிப்பறவை என்று ஒன்று உண்டு. ஆணின் அலகடியில் மூன்று தோல் இழைகள் தொங்கும், அது கூப்பிட்டால் மலை முழுக்கக் கேட்கும். குவெட்சாலும் இதுவும் காட்டு அவகாடோ இனப் பழங்களைத் தின்பவை. மற்ற பறவைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகே நிழலிலேயே விதையைப் போட்டுவிடும், அங்கே பூஞ்சை வந்து நாற்றுகள் நிறைய சாகும். ஆண் மணிப்பறவையோ பாடுவதற்குக் காட்டின் இடைவெளியில் நிற்கும் பட்ட கிளையைத் தேர்ந்தெடுக்கிறது, விதையும் அங்கேயே வெளிச்சத்தில் விழுந்து பிழைக்கிறது. இதை 1998-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, மரத்தடியில் விதை எண்ணுகிற வேலைக்கு எங்களை அனுப்பியபோது அதன் அருமை புரிந்தது. ஒரு பறவையின் பாட்டு எந்த மரம் எங்கே முளைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, மீனா!

அப்புறம் இன்னொன்று. 1972-இல் இங்கே மேலே வனக் காப்பகம் அமைந்தது, நல்ல காரியம்தான், ஆனால் குவெட்சாலும் மணிப்பறவையும் குஞ்சு பொரித்தபின் பழம் தேடிச் சரிவில் இறங்கிவிடுகின்றன, கீழே இருப்பதெல்லாம் மேய்ச்சல் நிலமும் துண்டு துண்டான காடும். அதனால்தான் மணிப்பறவையின் பெயரிலேயே, இங்கிருந்து நிக்கோயா வளைகுடா வரை துண்டுக் காடுகளை இணைக்கிற ஓர் உயிரியல் வழித்தடம் வைத்திருக்கிறார்கள். விவசாயிகளின் நிலத்தில் மரம் நடாமல் அது நடக்காது, ஆகவே அவர்களோடு பேசவும் கற்றுத்தருகிற திட்டமா என்று அவள் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஸ்பானிஷை இப்போதே தொடங்கச் சொல், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

அவளையே எனக்கு நேராக எழுதச் சொல், விண்ணப்பத்தைச் சேர்ந்தே பார்க்கிறோம்.

அன்புடன்,
செல்வி