மேல் வால்வைத் திறந்து விடுங்க, அண்ணா

டெல்ஃப்ட், நெதர்லாந்து
தைப்பொங்கல் கழிஞ்ச வாரம்

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க, அண்ணி, பிள்ளைகள், அம்மா, அம்மாயி எல்லாரும் சுகமா இருக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிறேன். உங்க கடிதமும் போட்டோக்களும் கிடைச்சது. தண்ணி விஷயத்தைத்தான் முதல்ல எழுதணும். புதுசா இரண்டங்குல பைப் போட வீட்டுக்கு வீடு காசு சேர்க்கப்போறதா எழுதியிருக்கீங்க. இந்தக் கடிதம் கிடைச்ச உடனே தலைவர்கிட்டச் சொல்லி அதை நிறுத்தி வைங்க. பைப் சின்னதில்ல. பைப்புக்குள்ள காத்து அடைச்சிருக்கு.

நீங்க அனுப்பின கணக்கை வெச்சே சொல்றேன். 20 லீற்றர் வாளி ஊற்றுல 50 விநாடியில நிறையுது. அப்படின்னா விநாடிக்கு 0.4 லீற்றர், ஒரு நாளைக்கு 34,560 லீற்றர். அதே வாளி நம்ம லயத்து (தோட்ட வரிசை வீடுகளோட) தொட்டியில நிறைய 4 நிமிஷம். அது நாளைக்கு 7,200 லீற்றர்தான். ரெண்டு லயத்துலயும் 110 பேர்னு வெச்சா ஆளுக்கு 65 லீற்றர், அதுலதான் குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம். மழை பெய்யாத இந்த மாசத்துலயும் ஊற்று தர்றது ஆளுக்கு 300 லீற்றருக்கு மேல. அதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான் கீழ வந்து சேருது.

லீக்கா இருக்கும்னு மேசன் மாமா சொன்னதா எழுதினீங்க. அவர் அனுபவத்துல சொல்றார், ஆனா அதே கடிதத்துல ஊற்றுத் தொட்டி நிரம்பி வழியுதுன்னும் எழுதியிருக்கீங்க. நடுவழியில லீக்னா பைப் தண்ணியை இன்னும் வேகமா இழுக்கும், மேல தொட்டி வழியாது. தொட்டி வழியுதுன்னா தண்ணி பைப்புக்குள்ள போகமுடியாம நிக்குது. ஒண்ணு மண் அடைச்சிருக்கணும், இல்லன்னா காத்து. மண்ணுன்னா தண்ணி குறைஞ்சாலும் ஒரே சீரா வரும். விட்டு விட்டு வருது, நடுவுல உஸ்ஸுன்னு இரைச்சல் கேக்குதுன்னு அண்ணி சொன்னாங்களே, அது காத்தேதான்.

காத்து எப்படி வந்ததுன்னா, வெயில் காலத்துல தண்ணியை மிச்சம் பிடிக்கணும்னு ஊற்றுக்குப் பக்கத்துல இருக்கிற மேல் வால்வைப் பாதி மூடினாங்க இல்லையா, அங்கதான் தொடங்குது. உயரம் 74 மீற்றர், நீளம் 1,100 மீற்றர், பைப் 32 மில்லிமீற்றர். இந்தக் கணக்குக்கு அந்தப் பைப் விநாடிக்கு முக்கால் லீற்றர் வரைக்கும் கொண்டுபோகும். ஊற்று தர்றது 0.4. மேல அடக்கி, கீழ திறந்து விட்டா, தண்ணி பைப்பை நிறைச்சுக்கிட்டு வராது. பாதிப் பைப்புல தண்ணியும் மீதிப் பைப்புல காத்துமா இறங்கும். அந்தக் காத்து மேட்டுல ஏறி உட்கார்ந்துக்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால எத்தனை மீற்றர் இறக்கத்துல காத்து நிக்குதோ, அத்தனை மீற்றர் உயரம் உங்க 74ல இருந்து கழிஞ்சிடும். அதனால இப்படிச் செய்ங்க.

மேல் வால்வை முழுசாத் திறந்து அப்படியே விட்டுடுங்க. இனிமே அதுல யாரும் கை வைக்கக் கூடாது. கைப்பிடியைக் கழட்டி நீங்களே வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. அடக்கறது எல்லாம் கீழ, தொட்டிக்குப் பக்கத்துல உள்ள வால்வுலதான்.

பைப் மேடேறி இறங்குற இடம் ரெண்டுன்னு போட்டோவுல தெரியுது: 7ஆம் நம்பர் தேயிலை மலை முனையும் கோயிலுக்குப் பின்னாலயும். ரெண்டு இடத்துலயும் மேட்டு உச்சியில ஒரு டீ (மூணு வாய் உள்ள பைப் மூட்டு) போட்டு அரை அங்குல டெப் வைங்க. மேல் வால்வைத் திறந்ததும் ரெண்டு டெப்பையும் திறந்து வெச்சு, தண்ணியை மெதுவா விடுங்க. முதல்ல காத்து சீறும், அப்புறம் நுரை தண்ணி, அப்புறம் கண்ணாடி மாதிரி தண்ணி. நுரை நின்ன பிறகு மூடணும். ஒரு எச்சரிக்கை: 0.4 லீற்றர் ஓடும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 2.1 மீற்றர் உயரம் உராய்வுல போயிடும். 7ஆம் நம்பர் முனை ஊற்றுல இருந்து 300 மீற்றர்னா, அது ஊற்றை விடக் குறைஞ்சது 10 மீற்றராவது பள்ளத்துல இருக்கணும். தண்ணி நிறைச்ச டியூப்ல லெவல் பிடிச்சுப் பாருங்க, போன்ல காட்டுற உயரத்தை நம்பாதீங்க. அதை விட மேடா இருந்தா அந்த இடத்துல டெப்பைத் திறந்ததும் காத்து வெளிய வராது, உள்ள இழுக்கும். அப்போ டெப் வேலைக்காகாது. மேட்டை வெட்டிப் பைப்பைக் கீழே இறக்கறதுதான் வழி.

கடைசியா கீழ் வால்வு. ஊற்றுத் தொட்டியில ஒரு ஆள், கீழ ஒரு ஆள் நில்லுங்க. மேல தொட்டியில இருந்து நூல் அளவுக்குத் தண்ணி வழியற வரைக்கும் கீழ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்குங்க. அந்த அளவுல பைப் வாய் எப்பவும் தண்ணிக்குள்ள ஒரு சாண் ஆழத்துல இருக்கும், காத்தைக் குடிக்காது. வாயில இப்போ கட்டியிருக்கிற சாரித் துணியை எடுத்துடுங்க, ரெண்டு நாள்ல பாசி பிடிச்சு அடைச்சிடும். 63 மில்லிமீற்றர் பைப் ஒரு மீற்றர் துண்டு எடுத்து, ஒரு முனையை மூடி, 3 மில்லிமீற்றர் துளை 300 போட்டு மாட்டுங்க. துளையெல்லாம் சேர்ந்த பரப்பு பைப் வாயைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு வரும். பாதி அடைச்சாலும் தண்ணி குறையாது.

பிள்ளைக்காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கிற இடம்) வளைவுல ராத்திரியில மட்டும் பைப் வெடிக்குதுன்னு எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். தொட்டியில மிதவை வால்வு போட்டிருக்கீங்க. ராத்திரி எல்லாரும் டெப்பை மூடினதும் தொட்டி நிறைஞ்சு மிதவை மூடும். ஓட்டம் நின்னா உராய்வும் இல்ல, 74 மீற்றர் முழுசும் அழுத்தமா வந்து நிக்கும். அது 7.3 பார். பைப்புல 600னு அச்சடிச்சிருந்தா அது 6 பாருக்குத்தான். 1000னா 10 பார் தாங்கும், ஆனா வெயில்ல கிடந்து வெளிறின பழைய பி.வி.சி.யை நம்ப முடியாது. எந்த எண்ணுன்னு பார்த்து எழுதுங்க. அது வரைக்கும் மிதவையைக் கழட்டிட்டு, நிரம்பி வழியற தண்ணியைப் பீலிக்கு (தண்ணி கொட்டுற பொது இடத்துக்கு) திருப்பி விடுங்க. குளிக்கிற ஆட்களுக்காவது உதவும். வெளிய தெரியற பைப்பை எல்லாம் ரெண்டடி ஆழத்துல புதைக்கணும். பாறையில தாண்டற இடத்துக்கு மட்டும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்.

பீலி போட்டோவுல ஓரத்துல அம்மாவோட நீலக் குடம் இருக்கு, வாய் ஓரம் நெளிஞ்ச அதே குடம். அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அம்மா இன்னும் அந்த ஈரப் படியில இறங்கித்தான் தண்ணி தூக்குறாங்களா? வேண்டாம்னு சொல்லுங்க அண்ணா. முழங்கால் வலியோட அந்தப் படி சரிவராது.

இங்க குளிர் ஒண்ணும் பெரிசில்ல, நுவரெலியாப் பனியில வளர்ந்தவளுக்கு. காத்துதான் பொல்லாதது. கடல் பக்கமிருந்து நேரா வரும், தடுக்க ஒரு குன்று கிடையாது. மத்தியானத்துல இவங்க பாணும் சீஸும்தான் சாப்பிடுவாங்க, சூடா எதுவும் இல்ல. சுரினாம்காரர் கடையில ரொட்டியும் பயத்தங்காய்க் கறியும் கிடைக்கும், கிட்டத்தட்ட நம்ம கைப்பக்குவம். கட்டச் சம்பல்தான் இல்ல. ஞாயிற்றுக்கிழமையும் நான் லேபுக்குப் போயிடுவேன், அங்க சூடு நல்லா இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பத்தி அம்மாயிக்குச் சொல்லுங்க, அவங்களுக்குப் பிடிக்கும். அவர் தோட்டத்துல ஒரு மழைமானி வெச்சிருக்கார். காலையில 9 மணிக்கு அளந்து நோட்டுல எழுதிட்டு, என்னைக் கண்டா வணக்கத்துக்குப் பதிலா அந்த எண்ணைத்தான் சொல்வார். இந்த நாட்டு வானிலை நிலையத்துக்கு இப்படி 300க்கு மேல சாதாரண ஜனங்க தினமும் மழை அளந்து கொடுக்கறாங்க. இங்க வருஷத்துக்கு 850 மில்லிமீற்றர் அளவுதான் மழை. நம்ம வட்டவளையில 5,000க்கு மேல. ஆனா இங்க குழாயைத் திறந்தா குளோரின் கூடக் கலக்காத தண்ணி, அப்படியே குடிக்கலாம். வழியில வீணாகறது நூத்துக்கு 5 பங்குதான். மழையைக் கொடுத்த மலையில இருக்கிற ஜனம் குடத்தோட வரிசையில நிக்குது. அதுதான் எனக்கு ஆறல.

அக்கா மகன் ரோபோவைப் பத்திக் கேட்டிருந்தான். மண்ணுக்கடியில ஓடற தண்ணிக் குழாய்க்குள்ள விட்டு, எங்க பழுதுன்னு பார்க்கிற ரோபோக்கள்தான் இங்க ஆராய்ச்சி. கஷ்டம் மூணு. முதலாவது, குழாய்க்குள்ள ஜி.பி.எஸ். எடுக்காது, ரேடியோ அலையும் தண்ணியில கொஞ்ச தூரத்துல அடங்கிடும். சக்கரம் சுத்தினதை வெச்சுத் தூரத்தைக் கணக்குப் பார்த்தா, வழவழப்புல சறுக்கிப் பிழை சேர்ந்துக்கிட்டே போகும். அதனால குழாய் மூட்டுகளை எண்ணி எண்ணித் திருத்தணும். ரெண்டாவது, கம்பி கட்டி விட்டா வளைவுல உராயும். உராய்வுக் குணகம் 0.3னா, நேர்கோண வளைவு நாலு தாண்டினதும் இழுக்கிற பலம் ஆறரை மடங்கு வேணும். மூணாவது, குடிதண்ணிக்குள்ள போற எதையும் கிருமி நீக்கித்தான் விடணும். குளோரின் இல்லாத ஊர்ல இதுல துளியும் சலுகை இல்ல.

லீக்கைச் சத்தத்துல கண்டுபிடிக்கிற முறையும் உண்டு. குழாயோட ரெண்டு பக்கமும் மைக் வெச்சு, சத்தம் எதுக்கு எத்தனை மில்லி விநாடி முந்தி வந்ததுன்னு பார்த்தா இடம் தெரியும். இரும்புக் குழாயில சத்தம் விநாடிக்கு 1,200 மீற்றர் கிட்ட ஓடும். பிளாஸ்டிக்ல 300 முதல் 600, அதுவும் சீக்கிரம் மங்கிடும். அதனாலதான் பிளாஸ்டிக் குழாய்க்கு ரோபோ உள்ளேயே போகவேண்டியிருக்கு. நம்ம 32 மில்லிமீற்றர் பைப்புக்குள்ள இது எதுவும் நுழையாதுன்னு அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.

அவன் செய்யக்கூடிய வேலை வேற இருக்கு. தொட்டி மூடியில, மீயொலியால தூரம் அளக்கிற ஜே.எஸ்.என். சென்சர் ஒண்ணு வெச்சு, ஈ.எஸ்.பி. 32ங்கிற சின்னக் கணினி போர்டுல இணைச்சு, 15 நிமிஷத்துக்கொரு தடவை நீர்மட்டத்தை எழுத வைக்கலாம். சென்சர் 25 சென்ரிமீற்றருக்குக் கிட்ட உள்ளதை அளக்காது, அதனால தண்ணி ஏறுற உச்சியில இருந்து ஒரு அடி உயரத்துல இருக்கணும். அது 5 வோல்ட் திருப்பி அனுப்பும், போர்டு 3.3 தான் தாங்கும். நடுவுல 1,000 ஓமும் 2,000 ஓமும் போட்டுப் பிரிக்காம நேரா இணைச்சா போர்டு கெட்டுப்போகும். ராத்திரி 12ல இருந்து 3 மணி வரைக்கும் யாரும் தண்ணி பிடிக்க மாட்டாங்க. அந்த நேரத்துல மட்டம் மணிக்கு எவ்வளவு ஏறுதுன்னு பார்த்தா பைப்போட உடல்நிலை தெரிஞ்சிடும். பெரிய நகரங்கள்லயும் ராத்திரிக் கணக்கைத்தான் பார்க்கறாங்க.

அதுக்கும் முந்தி அவன் ஒரு மழைமானி செய்யட்டும், காசே வேண்டாம். நேரான பக்கம் உள்ள போத்தலை வெட்டி, மேல் துண்டைத் தலைகீழா புனல் மாதிரி வைக்கணும். அடி வளைவு மூடற வரை தண்ணி ஊத்தி, அதைப் பூச்சியமா வெச்சு அடிமட்டம் ஒட்டணும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்க. 24 மணி நேரத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினா விழிப்பா இருக்கணும், 100னா எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்துல 75 வந்தாலோ மேட்டு லயத்தை விட்டுக் கிளம்பிடணும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி மீரியபெத்தையில லயங்கள் மண்ணுக்குள்ள போனதை நாம மறக்க முடியாது. மேட்டு லயத்துக்குப் பின்னால நிலத்துல வெடிப்போ, புதுசா கலங்கின ஊற்றோ கண்டா மழை அளவைக் கூடப் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டாம்.

தொட்டி கழுவற நாள்ல பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) ஐயாகிட்ட டி.சி.எல்.ங்கிற குளோரின் தூள் கேளுங்க. 5,000 லீற்றர் தொட்டியைச் சுத்தப்படுத்த, 30 சதவீதத் தூளா இருந்தா 830 கிராம், தண்ணியில கரைச்சுத் தெளிவை மட்டும் ஊத்தி, ஒரு நாள் வெச்சு முழுசா வெளிய விட்டுடணும். அந்தத் தண்ணி குடிக்கவோ கறிக்கொச்சிப் பாத்திக்கோ வேண்டாம். பழைய தூள்னா பலம் போயிருக்கும், கேட்டு வாங்குங்க. எப்படியிருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொதிக்க வெச்ச தண்ணிதான். ஊற்றுக்கு மேல உள்ள தேயிலையில உரமும் களைநாசினியும் போடாம விடணும்னு தோட்டத்துக்குக் கடிதம் கொடுங்க, வாயால சொன்னாப் போதாது. பிரதி ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் பிந்தும், பாங்குல ஏதோ மாத்தம். யோசிக்க ஒண்ணுமில்ல. அக்கா வீட்டுக் கூரைத் தகரத்துக்குப் பங்குனியில தர்றேன்னு கடைக்காரர்கிட்டச் சொல்லி வைங்க.

அம்மாவோட ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பத்தி. 50 வயசு முடிஞ்சு வேலையை விட்டா பெண்கள் எடுக்கலாம், அம்மாவுக்கு அது எப்பவோ ஆச்சு. ஆனா அந்த நிதியோட உறுப்பினர் அட்டையான பி கார்ட்ல உள்ள பேரும் அடையாள அட்டைப் பேரும் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. அம்மாவுக்கு ஒண்ணுல அப்பா பேர் முன்னால, இன்னொண்ணுல பின்னால இருக்கு. அதனால பேர் ரெண்டும் ஒரே ஆள்னு சத்தியக்கடதாசி முடிச்சுக்கிட்டு, கிராம சேவகர் கடிதத்தையும் சேர்த்து ஹட்டன் தொழில் காரியாலயத்துக்குப் போங்க. அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க, கொச்சையா பேசினா பயந்து திரும்பிடுவாங்க. எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்க. பழைய சம்பளத் துண்டுகள் அம்மாயியோட தகரப் பெட்டியில, சேலைக்கு அடியில இருக்கு. எதையும் வீசிடாதீங்க.

அன்புடன்
உங்க தங்கச்சி