தகட்டை அறுப்பதற்கு முன்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படத்தையும் பெங்களூர்க் கடைக்காரர் கொடுத்திருக்கும் மதிப்பீட்டையும் உன் அம்மாவும் நானும் நிதானமாகப் பார்த்தோம். இந்த விஷயத்தைப் போனில் பேசினால் நீயும் என்னை முடிக்க விடமாட்டாய், நானும் உன்னை முடிக்க விடமாட்டேன் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

நம் பழைய பியட் காரின் டேஷ்போர்டை நடுவில் அறுத்து ஒன்பது அங்குலத் தொடுதிரை வைப்பது, ஸ்பீடோமீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் மீட்டர் பொருத்துவது, ஆஷ்ட்ரேக்குப் பக்கத்தில் ஏசிக் காற்றுக்கு வாய் திறப்பது ஆகிய மூன்று வேலைகளை அந்த மதிப்பீட்டில் எழுதியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் உன் பெயருக்கு மாறப்போகிறது, மாறிய பிறகு காரை என்ன செய்வது என்பது உன் முடிவு. ஆனால் பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு ஆட்டோமொபைல் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில் நீ எதைச் சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறுப்பதற்கும் துளை போடுவதற்கும் மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.

பூனாவில் நீ நாள் முழுவதும் பார்க்கும் வண்டிகளில் டேஷ்போர்டு என்பது பிளாஸ்டிக்கில் வார்த்த சாமான். உடைந்தால் பார்ட் நம்பரைச் சொல்லி ஆர்டர் போட்டால் மறு வாரம் வந்துவிடும். நம்முடையது 1966 இல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் தயாரான பியட் 1100 டிலைட். 1964 இல் அந்த மாடல் வந்து, எழுபதுகளில் பிரீமியர் பிரசிடெண்ட் என்று பெயர் மாறி, 1974 இல் பத்மினி ஆனது. அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்துதான் பியட் வாங்கினார்கள். அதன் டேஷ்போர்டு அச்சில் அழுத்தி வளைத்த இரும்புத் தகடு. ஓட்டுபவருக்கு நேர் எதிரே படுக்கைவாட்டில் நீளும் ஸ்பீடோமீட்டர், அதோடு ஒட்டிய பெட்ரோல் காட்டியும் வெப்பம் காட்டியும், பக்கத்தில் விரலால் தள்ளும் சில சுவிட்சுகள் ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கியரும் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் கடைக்காரருக்குக் கை அரிக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதில் நடுங்குகிறது, அதனால் அது பயனற்றது என்று எழுதியிருக்கிறாய். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரு கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் அந்தச் சுழற்சியால் மின்னோட்டம் தூண்டப்பட்டு, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னால் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கேபிள் உறைக்குள் காய்ந்துபோனால் அது சீராகச் சுற்றாமல் சிக்கிச் சிக்கி விடுபடும், அந்தச் சிக்கல்தான் முள்ளில் நடுக்கமாகத் தெரிகிறது. கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கீழ்ப்பக்கத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் கிராபைட் கிரீஸைச் சன்னமாகத் தடவி, மேல் முனையைக் காய்ந்தபடியே விட்டுச் செருகினால் பெரும்பாலும் நடுக்கம் நின்றுவிடும். மேல் முனையிலும் கிரீஸ் பூசினாலோ, சோம்பல்பட்டு எண்ணெயை ஊற்றினாலோ, அது மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தைப் பிசுபிசுக்க வைத்துவிடும். இழை அறுந்திருந்தால் மட்டும் புதுக் கேபிள் வேண்டும். ஒரு காலை நேரத்து வேலையைச் செய்யாமல் மீட்டரையே தூக்கி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரிஜினல் என்ற பெயரில் சிலர் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கார் பிரியர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டு முழுவதையும் சுரண்டி, பட்டி பார்த்து, கம்பெனி நிறத்தில் புதிதாக அடித்துவிடலாம் என்றும், இடது ஓரத்தில் தாத்தா போட்ட சுவிட்சை எடுத்துவிட்டு அந்தத் துளையை வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். பாட்டிக்கு வெயில் தாங்காது என்பதற்காகச் சின்னதாக ஒரு மின்விசிறியை டேஷ்போர்டு மேல் வைத்து, அதற்காகத் தாத்தா போட்ட சுவிட்ச் அது. விசிறி எப்போதோ போய்விட்டது. சுவிட்சும், விசிறி நின்ற இடத்தில் இரண்டு திருகாணித் துளைகளும், அவற்றைச் சுற்றிப் பெயிண்ட் வெளுக்காமல் தங்கிய ஒரு வட்டமும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் நடுகல்லைக் கும்பிடுகிறோம் என்று அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்து எழுத்தை மூடி வைத்திருப்பதை நீயே பார்த்திருக்கிறாய். அவர் சொன்னதும் அந்த மாதிரியான மரியாதைதான். வேண்டாம் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தாத்தா துளை போட்டது சரி, நான் போட்டால் மட்டும் தப்பா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். தாத்தா துளை போட்டபோது அது பழைய கார் அல்ல, வேலைக்குப் போய்வரும் வண்டி. கதவோ தகடோ வேண்டுமென்றால் சேலத்திலும் பெங்களூரிலும் கிடைத்தது. கம்பெனி தயாரித்துக்கொண்டே இருந்தது, காயலான் கடைகளிலும் குவிந்து கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்ற பிறகும் பம்பாய் டாக்சிகள் இருந்தவரை உதிரி பாகங்களுக்கு ஒரு சந்தை இருந்தது. அந்த நகரத்தின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாகி, இருபது வருட வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஆயிரக்கணக்கில் ஓடிய வண்டிகளே போய்விட்ட பிறகு அவற்றுக்குச் சாமான் செய்து விற்பவன் எத்தனை நாள் கடை திறந்து வைத்திருப்பான் என்று யோசித்துப் பார். பத்மினிக்கே இந்த நிலை என்றால் டிலைட்டின் தகட்டுக்கு எங்கே போவது? தாத்தாவின் துளைக்கு அன்று மாற்று இருந்தது. இன்று ஒன்பது அங்குலத்துக்கு அறுத்தால் அறுத்ததுதான்.

சட்டத்தைக் காட்டி உன்னைத் தடுக்க நான் முயலவில்லை, தடுக்கவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டேஷ்போர்டு அந்த விவரங்களில் வராது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்காக 2021 இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதியும் சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்தப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து எல்லாம் உண்டு. ஆனால் அந்த எண் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. மாங்காய் சீசனில் தோட்டத்திலிருந்து டிக்கி நிறைய ஏற்றி வருவதற்கு இந்தக் கார் வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறேன், நீயும் அப்படியே செய்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது வேறொரு கணக்கு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான பீவா, 2012 இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1964 இல் எழுதிய வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்ட ஆவணம் அது. பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ மாற்றம் தேவைப்பட்டால் செய்துகொள், ஆனால் அது கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும், பின்னால் வருபவன் பழைய நிலைக்குத் திருப்பும்படி இருக்கட்டும், கழற்றிய பாகங்களைக் காரோடு பத்திரப்படுத்து என்பது அதன் சாரம். எதையும் தொடாதே என்று அவர்களும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கின்படி பார்த்தால் நீ கேட்பதில் பெரும்பாலானவற்றைச் செய்துகொள்ளலாம். முதலில் மின்சாரம். நம் காரின் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலும் இருபது ஆம்பியரை ஒட்டித்தான் தரும், ஐட்லிங்கில் அதுவும் வராது. முன்விளக்குகள் இரண்டும் எரிந்தாலே ஒன்பது பத்து ஆம்பியர் போய்விடும், வைப்பரும் பிரேக் விளக்கும் அதற்கு மேல். இந்த நிலையில் திரையும் ஆம்ப்ளிஃபயரும் ஏசி ஊதுவிசிறியும் சேர்ந்தால் ஓசூர் டிராஃபிக்கில் நிற்கும்போதே பேட்டரி இறங்கிவிடும். ஆகவே டைனமோவுக்குப் பதிலாக, குறைந்த வேகத்திலும் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடு, அதை நானே பரிந்துரைக்கிறேன். பிராக்கெட்டில் மாட்டும் சாமான் என்பதால் என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றலாம். டைனமோவை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடுகிறேன். ஆனால் மீட்டரில் இருக்கும் சிவப்புச் சார்ஜ் விளக்கை மட்டும் எல்.இ.டி. ஆக்கிவிடாதே. பழைய வகை ஆல்டர்னேட்டருக்குத் தொடக்கத்தில் தேவைப்படும் சிறு மின்னோட்டம் அந்த இழை பல்பு வழியாகத்தான் போகிறது. எல்.இ.டி. அந்த அளவு மின்சாரத்தை விடாது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜ் ஏறாது, காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வாய்.

முன்விளக்குக்கு ரிலே, தனி ஃபியூஸ் பெட்டி, சீட் பெல்ட், நான்கு பக்கமும் சிமிட்டும் ஆபத்து விளக்கு ஆகியவற்றை உடனே செய்தாக வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இரவில் ஓட்டுபவன் ஒரிஜினல் என்று சொல்லிக்கொண்டு மங்கிய விளக்கோடு போவது எனக்குப் பிடிக்காது. இரும்பு டேஷ்போர்டு தலை மோதினால் நெகிழ்ந்து கொடுக்காது என்பதால் சீட் பெல்ட்டுக்கு இந்தக் காரில் இன்னும் அதிகத் தேவை இருக்கிறது. ஒயரைப் பழைய கட்டோடு சேர்த்துக் கிளாம்பு போட்டுத் தகட்டுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். ஏற்கெனவே இருக்கும் துளைகளே போதும், ஆபத்து விளக்கின் சுவிட்சுக்குத் தாத்தாவின் விசிறிச் சுவிட்சையே எடுத்துக்கொள்ளலாம். அது சும்மாதானே இருக்கிறது.

திரையைக் கையுறைப் பெட்டிக்குள் வை. மூடியைத் திறந்தால் தெரியட்டும், மூடினால் கார் 1966 ஆகிவிடும். அது பிடிக்கவில்லையென்றால் டேஷ்போர்டின் கீழ் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட் ஒன்றைப் பழையபேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் செய்து தருகிறேன். கவ்வும் இடத்தில் ரப்பர் ஒட்டினால் பெயிண்டில் கீறல் விழாது. டிஜிட்டல் வெப்பமானியும் அதே பிராக்கெட்டில் உட்காரும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வெப்ப முள் மெல்ல வலப்பக்கம் சாய்வதையும், மேட்டைத் தாண்டியதும் தயங்கித் தயங்கி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே கியரை மாற்றிப் பழகியவன் நான். எனக்கு அந்த முள் போதும். உனக்கு எண்ணும் வேண்டுமென்றால் இரண்டும் இருக்கட்டும்.

ஏசிக்கு மட்டும் என் பதில் இல்லை என்பதுதான். 1089 சிசி என்ஜின், நாற்பது சொச்சம் குதிரைத் திறன். அதில் கம்ப்ரசர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சரும் நின்று காற்றை மறித்தால், சித்திரை வெயிலில் அந்த ஏற்றம் ஏறுவதற்குள் பானெட்டைத் திறந்து வைத்து ஓரம் நிற்க வேண்டியிருக்கும். விசிறி போட்டுக்கொண்டால் போதும் என்று உன் அம்மாவும் சொல்கிறாள்.

சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலையும் வேண்டாம். ஈரத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும். மீட்டர் கண்ணாடியின் உட்பக்கத்தைத் தின்னரோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்க யாரையும் விடாதே, எண்கள் துணியோடு வந்துவிடும்.

பெங்களூர்க் கடைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ஒயரிங்கையும் ஆல்டர்னேட்டரையும் அவர்களிடமே செய்துகொள், அந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்றுதான் கேள்விப்படுகிறேன். அறுக்கும் வேலை இல்லை என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள். வருகிற வழியில் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வா. பழையதின் இரு முனைகளையும் படம் எடுத்து அனுப்புகிறேன், முனையைப் பார்த்து வாங்கு, நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதே. நீ வாங்கப்போகும் திரையின் அகலம், உயரம், தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினால் பிராக்கெட்டுக்குத் தகடு வெட்டச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா