மூன்றாவது பெடலைப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள்

ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் மூன்றாவது பெடலான கிளட்சை மிதித்து முடிப்பதற்குள், தானே கியர் மாற்றும் உங்கள் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி அடுத்த கியருக்குப் போயிருக்கும். வேகத்தைப் பற்றி வாதாட நான் வரவில்லை.

"மேனுவல் கியரை யாரும் வாங்குவதில்லை" என்கிறீர்களே, அதைத்தான் கேட்க வந்தேன். வாங்கும்படி எங்கே வைத்தீர்கள்? இப்போதைய பி.எம்.டபிள்யூ எம்3 அறிமுகமானபோது மேனுவல் கேட்டவருக்கு 480 குதிரைத்திறன்தான். 510 வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக் மட்டுமே. பிறகு வந்த நான்கு சக்கர இயக்கமும் அதற்கே. சரக்கைப் பின்னறையில் ஒளித்துவைத்துவிட்டு, விலைபோகவில்லை என்று கணக்குக் காட்டுவதா?

போர்ஷே கதை உங்களுக்கே தெரியும். 2013இல் வந்த 911 ஜிடி3யில் மேனுவல் இல்லை. 2016இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் வந்தது, மொத்தம் 991 கார்கள். அவை பல மடங்கு விலைக்குக் கைமாறின. 2017 ஜிடி3யில் மேனுவல் திரும்பிவிட்டது, கூடுதல் கட்டணம்கூட இல்லாமல். 2019இல் சூப்ராவை ஆட்டோமேட்டிக்காக மட்டும் விற்கத் தொடங்கிய டொயோட்டாவும் 2022இல் மனம் மாறியது.

இப்போது எனக்கு வேறொரு பயம். ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் வாலர் கார் மேனுவல்தான். ஆனால் 110 கார்களே. மேனுவல் இப்படி எண்ணிச் செய்யும் அபூர்வமாகிவிட்டால், வாங்குபவர் போர்வை போர்த்தி நிறுத்திவைப்பார். ஓட்டுவதற்கென்றே பிறந்த பொருளுக்கு இது என்ன கதி?

வளைவை நெருங்கும்போது என் வலக்காலின் முன்பகுதி பிரேக்கில் இருக்கிறது, அதன் ஓரம் ஆக்சிலரேட்டரைத் தட்டுகிறது. இடக்கால் கிளட்சில், கை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது. எஞ்சின் சுழற்சி சரியாக ஏறியிருந்தால் கார் சிறு குலுக்கலும் இன்றி வளைவுக்குள் நுழையும். தவறினால் பின்சக்கரங்கள் அங்கேயே கண்டித்துவிடும். இதைப் பழக எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இன்றும் பத்தில் மூன்று முறை சொதப்புகிறேன். அந்த ஏழுக்காகத்தான் இந்த மடல். (சுழற்சியைத் தானே ஏற்றித்தரும் உங்கள் மென்பொருளை அணைக்க ஒரு பொத்தான் வையுங்கள். புண்ணியமாகப் போகும்.)

இந்தச் சுகம் உங்களுக்கும் தெரியாததில்லை. இல்லாவிட்டால், கியர் மாற்றவே தேவையில்லாத 'ஐயோனிக் 5 என்' (Ioniq 5 N) மின்சாரக் காரில் ஹூண்டாய் ஏன் பொய்க் கியர்களை மாற்றிக்காட்டுகிறது?

இரண்டு கியர்பெட்டிகள் என்றால் மாசுச் சோதனையும் சான்றிதழும் இரட்டிப்பு வேலை என்பது புரிகிறது. அந்தச் செலவை விலையில் சேருங்கள், தருகிறோம். ஆனால் முழுத் திறனுள்ள எஞ்சினோடு, எண்ணிக்கை வரம்பில்லாமல் கொடுங்கள். ஒவ்வொரு கியரும் எட்டும் வேகம் குறையும்படி பல் விகிதங்களையும் சற்றுக் குறுக்குங்கள். போர்ஷேயின் கேமன் ஜிடி4இல் இரண்டாவது கியரே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதற்குமேல் மூன்றாவதைச் சாலையில் எங்கே போய்ப் போடுவது?

இப்படிக்கு,
இடக்காலுக்கு வேலை கேட்கும் ஓர் ஓட்டுநர்