இருபது வருஷம் கழித்து வந்த விடை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வசதித் திட்டம் என்றாலே எத்தனை வீடு கட்டினோம் என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குடியேறியவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அமெரிக்க அரசின் வீட்டு வசதித் துறை பார்த்தது. 1994 முதல் 1998 வரை சிகாகோ, பால்டிமோர் உள்ளிட்ட 5 நகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளின் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குப் போனால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனையோடு வாடகை உதவிச் சீட்டு கொடுத்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

முதலில் வந்த முடிவு சப்பென்று இருந்தது. பெரியவர்களின் மனநலம் தேறியது, சம்பளம் ஏறவில்லை. சரி, தோல்வி என்று கோப்பை மூடியிருந்தால்? 2015-ல் பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டி குழுவினர் வரி ஆவணங்களை வைத்துப் பார்த்தபோது, 13 வயதுக்குள் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில், சீட்டு கிடைக்காத பிரிவின் குழந்தைகளைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிப்பது தெரிந்தது. பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்த லாபம் இல்லை. அதாவது, யாருக்கு முதலில் வீடு மாற்றித் தர வேண்டும் என்பதற்கே விடை கிடைத்துவிட்டது.

இதற்கெல்லாம் திட்டம் தொடங்கும் நாளிலேயே ஆய்வுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். சாவி கொடுத்த பிறகு அறிக்கை கேட்டால் திறப்பு விழாப் படங்கள்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்