பாமினியில் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு, திருகோணமலையிலிருந்து

திருகோணமலையிலும் சுற்றுவட்டத்திலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிற சங்கச் செயலாளர்மார், கோவில் பரிபாலன சபையார், அதிபர்மார், அலுவலகங்களில் தட்டச்சுப் பொறுப்பில் இருக்கிற தம்பிமார் தங்கச்சிமார் எல்லாருக்கும்,

வணக்கம்.

டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரின்ட், ரைப்பிங், ரீலோட், அப்புறம் பாஸ்வேர்ட் மறந்துபோய் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். பிள்ளையின் வகுப்புக் குழுவில் பள்ளிக்கூடம் ஒரு வேர்ட் பைல் போட்டிருக்கிறது, போனில் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. "தம்பி, இது இங்கிலிஷா, வேறை என்னவுமா?" என்று போனை நீட்டினார். பார்த்தேன். என், ஜி, டபிள்யூ, ஒரு அரைப்புள்ளி, பிறகு பெரிய என், திரும்பவும் டபிள்யூ, எச், யூ, இன்னொரு அரைப்புள்ளி. எனக்கு இதைக் கண்ணால் பார்த்தே வாசிக்க வரும், இருபது வருஷப் பழக்கம். "பெற்றோர்" என்று எழுதியிருக்கிறது அக்கா என்றேன். மிச்சத்தையும் வாசித்தேன். பெற்றோர் கூட்டம், செவ்வாய்க்கிழமை காலை 8 மணி, தவறாது சமுகமளிக்கவும். அக்கா என் கடையில் நின்றது புதன்கிழமை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிழை சொல்ல நான் வரவில்லை, இப்படி வருகிறவர்கள் மாதத்துக்குப் பத்துப் பேராவது இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து. அனுப்புகிறவருக்கு இது தெரிவதே இல்லை, ஏனென்றால் அவருடைய கொம்பியூட்டரில் எழுத்து முத்து முத்தாகத்தான் தெரிகிறது.

சங்கதி இதுதான். கொம்பியூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சின்ன எஃப் என்றால் 102. பாமினி செய்கிற வேலை, அந்த 102இல் இருந்த எஃப் படத்தைக் கழற்றிவிட்டு ‘க’ படத்தை ஒட்டுவது. உங்களிடம் பாமினி இருக்கிறது, ‘க’ தெரிகிறது. அக்காவின் போனில் பாமினி இல்லை, அது உள்ளதை உள்ளபடி எஃப் என்று காட்டுகிறது, போனில் ஒரு கோளாறும் இல்லை. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கிற பொது ஒழுங்கு, அதில் ‘க’வுக்கென்றே சொந்தமாக ஓர் எண், 2965. தமிழுக்கு இந்த இடம் 1991இல், யூனிகோடின் முதற் பதிப்பிலேயே கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸுக்கு அதைக் காட்டவும் தெரியும். கொம்பியூட்டர் தமிழுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்று இலங்கையின் தரமே 2008இல் வந்தாயிற்று. நாங்கள்தான் இன்னும் 102இல் நிற்கிறோம்.

பாமினியைத் திட்டவும் எனக்கு மனமில்லை. 2003இல் கடை திறந்தபோது அது ஒன்றுதான் சோறு போட்டது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் பாமினி, அதுதான் எங்கள் உலகம். கலியாண அழைப்பிதழ், கோவில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவுமலர், எல்லாம் அதில் செய்து கடதாசியில் அடித்துக் கையில் கொடுத்தோம், கடதாசிக்கு எண் தேவையில்லை, ஒருவருக்கும் ஒரு பிரச்சினையும் வரவில்லை. இப்போது கடிதம் கொம்பியூட்டரில் பிறந்து போனுக்குப் போய், அங்கிருந்து ஒருவரின் மெயிலுக்குப் போய், கனடாவில் இருக்கிற ஒருவரின் டெப்லெட்டில் திறக்கிறது. இத்தனை இடத்திலும் பாமினி இருக்கும் என்று எதிர்பார்ப்பது, போகிற வீடெல்லாம் என் மனைவி வைத்த மீன் குழம்பே இருக்கும் என்று எதிர்பார்க்கிற மாதிரி.

"நாங்கள் பி.டி.எஃப். ஆக்கித்தானே அனுப்புகிறோம்" என்பீர்கள். சரி, வாசிக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே கிடப்பது அதே 102தான். அதிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி இன்னொரு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரியும். தேடினால் கிடைக்காது. கண்பார்வை இல்லாத ஒருவர் போனை வாசிக்கச் சொன்னால் அது ஜே, கே, பி என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, தமிழ்க் கடிதம் போய்ச் சேர்கிற மேசையில் சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் இருப்பார், அவர் நல்ல மனசோடு கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாலும் முடியாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பாமினியை யூனிகோடாக்குகிற மாற்றி இருக்கிறதே, பொங்குதமிழ் போன்றவை, என்பீர்கள். இருக்கிறது, நானும் தினமும் பாவிக்கிறேன், அது இல்லாவிட்டால் என் பிழைப்பு நடக்காது. ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை வாசியுங்கள் ஐயா! பாமினியில் கமா விசையில் ‘இ’ இருக்கிறது. ஆங்கில எழுத்துருவுக்கு மாறி நீங்கள் போட்ட கமாவை மாற்றிக்குத் தெரியாது, அது எல்லாவற்றையும் ‘இ’ ஆக்கிவிடும். "மூதூர்இ கிண்ணியாஇ தம்பலகாமம்இ நிலாவெளி" என்று எத்தனை கடிதம் பார்த்துவிட்டீர்கள்? நான் ஒருமுறை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற ஒரு பெரியவரிடம் அப்படி ஒரு பிரதியைக் கொடுத்து, அவர் "ஏன் தம்பி எல்லா ஊரும் இளிக்குது" என்று கேட்டு, கடையே சிரித்தது. பி.டி.எஃப். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதே மாற்றி, முன்னால் ஒரு சுழி அந்தரத்தில் தொங்க, ‘னுகு’ என்று ஆக்கும். மின்னஞ்சல் முகவரி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது, அதில் குற்றவாளி நானேதான். தகப்பனின் நினைவுமலருக்கு மகன் டொரன்டோவிலிருந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினார், போனிலேயே விரலால் அடித்தது, அருமையான யூனிகோட். என் கடையில் அப்போதும் பேஜ்மேக்கர்தான், 2001க்குப் பிறகு புதுப் பதிப்பே வராத சாமான், அதற்கு யூனிகோட் தெரியாது. அவர் எழுதியதை நான் பாமினிக்கு மாற்றி, வடிவமைத்து, சரிபார்க்க பைலாக அனுப்பினேன். அவர் போனில் திறந்துவிட்டு ராத்திரி எடுத்தார். "அண்ணா, நான் அப்பாவைப் பற்றி எழுதினது எங்கே?" என்று கேட்டார். அந்தக் குரலுக்குப் பிறகுதான் பேஜ்மேக்கரை விட்டேன்.

இனி, நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். யூனிகோடுக்கு மாறினால் விரலை முதலிலிருந்து பழக்க வேண்டும், இந்த வயதில் யாரால் முடியும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்கிறீர்கள். ஒன்றையும் பழக்க வேண்டாம். விசை அமைப்பு வேறு, எழுத்துரு வேறு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை அமைப்பு அப்படியே இருக்கிறது. எஃப்-ஐத் தட்டினால் ‘க’ வரும், எப்போதும் போல, ஆனால் உள்ளே போவது 2965. ஒரே ஒரு வித்தியாசம் கோப்பில் இருக்கும்: பாமினி கொம்பை முதலில் வைத்து எழுத்தைப் பின்னால் வைக்கும், யூனிகோட் எழுத்தை முதலில் வைக்கும், அந்த ஒழுங்கை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இந்த மடல் முழுவதையும் நான் பாமினி விசையில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் போனில் எப்படித் தெரிகிறது?

பழைய பைல்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. இனிமேல் அனுப்புகிறதையாவது யூனிகோடில் அனுப்புங்கள், முக்கியமாக திகதியும் நேரமும் இருக்கிற கடிதங்களை. அனுப்ப முன்னர் உங்கள் சொந்தப் போனிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள், அரை நிமிஷம் போதும்.

சனிக்கிழமை பின்னேரம் கடையில் ஆள் குறைவு, வாசலில் மான்கள்தான் நிற்கும், பிழைப் பிரதிகளை அவைக்குப் போட வேண்டாம் என்று பெடியனிடம் சொல்லிக் களைத்துவிட்டேன். லேப்டொப்பைக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம், அந்த மென்பொருளைப் போட்டுத் தருகிறேன். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், போன முறை வந்த செயலாளர் அதை மறந்துவிட்டு வந்து பாதியிலேயே நின்றுவிட்டது.